இரு வேக மோட்டாரைக் கொண்டு வீட்டுப் பட்டறைக்கு மும்முனை மின்சாரம்

வீட்டுக்குப் பின்புறமுள்ள என் பட்டறையில் நாலரை அடி லேத் ஒன்றும், பில்லர் டிரில்லிங் மெஷின் ஒன்றும், இரட்டைக் கல் கிரைண்டர் ஒன்றும் உள்ளன. கோயம்புத்தூரில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து மொத்தமாக விலைபேசி வாங்கியவை. மூன்றிலும் 415 வோல்ட் மும்முனை மோட்டார்கள். வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம். தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரையிலான இணைப்பு ஒருமுனையாகவே கொடுக்கப்படுகிறது. அதற்கு மேல் கேட்டால் மும்முனை கிடைக்கும். ஆனால் அன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் கடைசித் தெருவுக்குக் கம்பத்தில் வருவது இரண்டே கம்பிகள் என்பதால், புதிய கம்பங்களுக்கும் கம்பிக்கும் சேர்த்து வந்த எஸ்டிமேட் இயந்திரங்களின் விலையையே தாண்டிவிட்டது.

ஒரே ஒரு மோட்டாரை ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், ஒருமுனையை வாங்கி மும்முனையைத் தரும் வி.எஃப்.டி. (வேரியபிள் ஃபிரீக்வென்சி டிரைவ்) என்ற மின்னணுப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவதே சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். வேகத்தையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம், சத்தமும் இல்லை. ஆனால் வி.எஃப்.டி.யின் வெளியீட்டில் ஸ்விட்சுகளை வைத்து ஒவ்வொரு மோட்டாராகப் போட்டு அணைப்பது அதன் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு ஆகாது. மூன்று இயந்திரங்களுக்கு மூன்று வி.எஃப்.டி. வேண்டும். சுவரில் மும்முனைப் பிளக் ஒன்று இருந்து, அதில் எந்த இயந்திரத்தை மாட்டினாலும் அதன் சொந்த ஸ்டார்ட்டரிலேயே ஓட வேண்டும் என்பதுதான் என் தேவை. அதற்குச் சுழலும் பேஸ் கன்வெர்ட்டரே பொருத்தமாக இருந்தது. அதாவது, பளு எதுவும் இல்லாத மும்முனை மோட்டார் ஒன்றை ஒருமுனையில் ஓடவிட்டு, அதன் மூன்றாவது டெர்மினலில் எழும் மின்னழுத்தத்தை மூன்றாம் முனையாக எடுத்துக்கொள்வது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்த கதைதான். மும்முனை சில மணி நேரமும் மற்ற நேரத்தில் இருமுனையும் வந்த காலத்தில், கெபாசிட்டர் பெட்டியை மாட்டி இருமுனையிலேயே கிணற்று மோட்டாரை ஓட்டினார்கள். கருகிய காயில்களைக் கட்டியே வைண்டிங் கடைகள் பிழைத்த காலம் அது. பம்ப்பின் பளு மாறாதது என்பதால், அந்தப் பளுவுக்குப் பொருந்தும் கெபாசிட்டரை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அது ஓரளவு ஓடும். லேத்தில் பளு நொடிக்கு நொடி மாறுகிறது. வெறும் கெபாசிட்டர் அதைத் தாங்காது. சுழலும் ரோட்டார் ஒன்று நடுவில் இருந்தால்தான் மூன்றாம் முனை நிலையாக நிற்கும்.

கன்வெர்ட்டருக்கான மோட்டார் பழைய இரும்புக் கடையில் எடைபோட்டுக் கிடைத்தது. கழித்துக் கட்டிய மில்லிங் மெஷின் ஒன்றிலிருந்து வந்த இரு வேக மோட்டார் அது. தகட்டில் 3 கிலோவாட் 1430 சுற்று, 1.5 கிலோவாட் 710 சுற்று, 415 வோல்ட் என்று இருந்தது. நான்கு காந்தத் துருவமாகவும் எட்டுத் துருவமாகவும் மாறக்கூடிய ஒரே வைண்டிங்; துருவம் கூடினால் வேகம் குறையும். டெர்மினல் பெட்டியில் ஆறு கம்பி முனைகள். இந்த இணைப்பு முறைக்கு டாலண்டர் இணைப்பு என்று பெயர். சுவீடன் பொறியாளர் ராபர்ட் டாலண்டர் 1897-இல் கண்டது. பாதிக் காயில்களில் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினால் துருவங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் என்பதே அதன் சூட்சுமம். பேரிங் நல்ல நிலையில் இருந்தது, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரில் பூமிக்கு 50 மெகா ஓம்முக்கு மேல் காட்டியது. இரு வேக மோட்டாரைப் பட்டறைக்காரர்கள் யாரும் விரும்பி வாங்குவதில்லை என்பதால் விலையும் குறைவு.

பேஸ் கன்வெர்ட்டரும் இரு வேக மோட்டாரும் ஒன்றுசேர்வது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1915-இல் மின்மயமாக்கிய மலைப்பாதையில், 11,000 வோல்ட் ஒருமுனைக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, இன்ஜினுக்குள்ளேயே சுழலும் கன்வெர்ட்டரால் மும்முனையாக்கி, துருவம் மாற்றும் மோட்டார்களை ஓட்டினார்கள். அந்த இன்ஜின்களுக்கு மணிக்கு 14 மைல், 28 மைல் என்று இரண்டே ஓட்ட வேகங்கள். நம் ஊரிலும் டபிள்யூ.ஏ.ஜி.-5, டபிள்யூ.ஏ.பி.-4 போன்ற ரயில் இன்ஜின்களில், ஊதுகாற்றாடிகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் மும்முனை கொடுத்தது ஆர்னோ கன்வெர்ட்டர் என்று ஷெட்காரர்கள் சொல்லும் சுழலும் இயந்திரம்தான். ஈரோடு மின்சார இன்ஜின் ஷெட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, நான் வாங்கிவந்த மோட்டாரைப் பார்த்ததும், “இதுதான்டா தம்பி ஆர்னோ, ஆனா முதல்ல காயிலுக்கு எத்தனை வோல்ட் போகுதுன்னு பாரு” என்றார். வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

தகட்டில் இருக்கும் 415 வோல்ட் என்பது காயிலுக்குப் போகும் வோல்டேஜ் அல்ல. மோட்டாரின் மூன்று பேஸ்களில் (மும்முனையின் ஒவ்வொரு முனைக்குமான காயில் பகுதி) ஒவ்வொன்றிலும் இரண்டு காயில் கூட்டங்கள் உள்ளன. குறைந்த வேகத்தில் அவை தொடராக இணைந்து டெல்டாவில், அதாவது மூன்று பேஸ்களும் முக்கோணமாகச் சேர்ந்து, நிற்கின்றன. ஆகவே 415 வோல்ட்டை இரண்டும் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 207 வோல்ட் கிடைக்கிறது. அதிக வேகத்தில் அவை இணையாக, இரட்டை ஸ்டாரில், அதாவது எல்லாவற்றின் ஒரு நுனியும் ஒரே பொதுப் புள்ளியில் சேர்ந்து, நிற்கின்றன. அப்போது ஒவ்வொன்றுக்கும் 240 வோல்ட். வீட்டின் 230 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் தொடர் டெல்டாவில் 115 வோல்ட்டும், இரட்டை ஸ்டாரில் 133 வோல்ட்டும்தான் காயிலுக்குச் சேரும். இரண்டிலும் பாதியைவிடச் சற்றே அதிகம், அதாவது 55 சதவீதம். இண்டக்‌ஷன் மோட்டாரின் திறன் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது, 0.55-ஐ இருமடியாக்கினால் 0.31. அந்தக் கணக்கில், 3 கிலோவாட் மோட்டார் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான மோட்டாராகச் சுருங்கிவிடும். என் லேத் மோட்டாரே 1.1 கிலோவாட்.

சாதாரண ஒற்றை வேக மோட்டாராக இருந்தால் ஸ்டாரை டெல்டாவாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். இந்த மோட்டாரில் ஆறு முனைகள் இருந்தும் அந்த வாய்ப்பு இல்லை. ஏனெனில் டெல்டாவின் மூன்று மூலைகளும் மோட்டாருக்குள்ளேயே, காயில் தலைப்பில் இணைக்கப்பட்டு வார்னிஷுக்குள் மறைந்திருக்கின்றன. வெளியே வரும் ஆறில் மூன்று மூலைகள், மூன்று நடுப்புள்ளிகள் (ஒரே பேஸின் இரண்டு காயில் கூட்டங்கள் சேரும் இடங்கள்).

இதை உறுதிசெய்ய மோட்டாரைப் பிரிக்கத் தேவையில்லை. ஓம் மீட்டரே போதும். மூலையும் நடுப்புள்ளியும் மாறிமாறி வரும் ஆறு காயில் கூட்டங்கள் ஒரு வளையமாக நிற்பதால், எந்த இரண்டு முனைகளை அளந்தாலும் மூன்று அளவுகளில் ஒன்றுதான் வர வேண்டும்; அவற்றின் விகிதம் 5:8:9. என் மோட்டாரில் 3.0, 4.8, 5.4 ஓம் வந்தன. அச்சாகப் பொருந்தியது. வளையத்தில் அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே 3.0, ஒன்று விட்டு ஒன்றுக்கு 4.8, நேர் எதிர் முனைகளுக்கு 5.4. இதிலிருந்து ஒரு கூட்டத்தின் மின்தடை 3.6 ஓம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் மூலை எது, நடுப்புள்ளி எது என்பதை இந்த அளவால் சொல்ல முடியாது; வளையம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் மீட்டருக்கு வேறுபாடு தெரியாது. டெர்மினல் பலகையில் 1யூ, 1வி, 1டபிள்யூ என்றும் 2யூ, 2வி, 2டபிள்யூ என்றும் எழுத்துகள் அழியாமல் இருந்தது என் நல்ல காலம். 1 என்று தொடங்குபவை குறைந்த வேகத்துக்கான மூலைகள், 2 என்று தொடங்குபவை அதிக வேகத்துக்கான நடுப்புள்ளிகள். விசிறிகளுக்கென்று செய்யப்படும் சில இரு வேக மோட்டார்களில் குறைந்த வேக இணைப்பு தொடர் ஸ்டாராக இருக்கும். அதில் வளையம் கிடையாது. ஒரு கூட்டம், இரண்டு, மூன்று, நான்கு என்று நேர்ப் பெருக்கல் அளவுகள் வரும்.

மூலைகளைப் பிரிக்க வைண்டிங் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், தகட்டிலுள்ள இரண்டு இணைப்புகளிலும் இந்த மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட விரும்பினேன். லேத் மோட்டார் ஸ்டாரில் கட்டப்பட்டது. சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. அதன் ஸ்டார் புள்ளியை ஏற்கனவே பிரித்து ஆறு முனைகளாக வெளியே எடுத்து, 230 வோல்ட் டெல்டாவாக மாற்றி வைத்திருந்தேன். கன்வெர்ட்டர் மோட்டாரின் புல்லியில் கயிறு சுற்றி இழுத்து, வேகம் பிடித்ததும் ஸ்விட்சைப் போட்டுச் சோதித்தேன்.

குறைந்த வேகத்தில், அதாவது எட்டுத் துருவத் தொடர் டெல்டாவில், பளு இல்லாதபோது மூன்றாம் முனையில் 205 வோல்ட் இருந்தது. லேத்தைப் போட்ட கணத்தில் அது 140-க்கு இறங்கியது. லேத் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றதே தவிர, வேலைப்பொருளைப் பிடிக்கும் ‘சக்’கைச் சுழற்றவில்லை. உடனே அணைத்துவிட்டேன். அதிக வேகத்தில், நான்கு துருவ இரட்டை ஸ்டாரில், நிலைமை சற்று மேல். கன்வெர்ட்டர் மோட்டார் எடுத்த மின்னோட்டம் மூன்று ஆம்பியர்தான். அவ்வளவு குறைவாக எடுப்பதே காந்தப்புலம் பலவீனமாக இருப்பதன் அடையாளம். லேத் மெதுவாக வேகம் பிடித்தது. ஆனால் மைல்டு ஸ்டீல் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு டூலை இறக்கியதும் மூன்றாம் முனை 158-க்குச் சரிந்து, ஸ்பிண்டில் தள்ளாடியது. காகிதக் கணக்கு சொன்னதையே, மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரும் மீட்டரும் சொன்னதால், மோட்டாரைப் பிரிப்பதென்று முடிவாயிற்று.

இரட்டை ஸ்டாரில் ஒவ்வொரு பேஸின் நடுப்புள்ளிக்கு மின்சாரம் கொடுத்து, அதன் இரு கடைசிகளையும் (இரண்டு காயில் கூட்டங்களின் மறு நுனிகளையும்) ஸ்டார் புள்ளியில் சேர்க்கிறோம். அந்த இரு கடைசிகளையும் ஸ்டாரில் சேர்க்காமல் அடுத்த பேஸின் நடுப்புள்ளியில் சேர்த்தால் அது இணை டெல்டா ஆகிவிடும். துருவங்கள் அதே நான்கு, ஆனால் காயிலுக்கு இப்போது முழு 230 வோல்ட் போகும். தகட்டின்படி அதே காயில் 240 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, 96 சதவீதம். இதற்கு வேண்டியதெல்லாம் டெல்டாவின் மூன்று மூலைகளைப் பிரித்து ஆறு கடைசிகளாக்கி, மூன்று நடுப்புள்ளிகளோடு சேர்த்து ஒன்பது முனைகளை வெளியே கொண்டுவருவதுதான். காயில் கட்ட வேண்டியதில்லை, ஒரு சுற்றுக்கூட மாற்ற வேண்டியதில்லை. தொடர் ஸ்டார் வகை மோட்டாரிலும் உள்ளே இருக்கும் ஸ்டார் புள்ளியைப் பிரித்தால் இதே ஒன்பது முனைகள் கிடைக்கும்.

வைண்டிங் கடைக்காரர் முதலில் நம்பவில்லை. “ரெண்டு ஸ்பீடு மோட்டாருக்கு ஒம்போது ஒயரா, எதுக்குங்க சார்?” என்று கேட்டுவிட்டு, தாளில் படம் வரைந்து காட்டியதும் தலையாட்டினார். அவர் வேலைசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் கெடுவதற்கு இடம் இருப்பது இங்கேதான். இணைப்புகள் இருக்கும் பக்கத்துக் காயில் தலைப்பைச் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் மெல்லச் சூடாக்கினார். வார்னிஷ் தேன்நிறத்திலிருந்து சற்றுக் கருத்து இளகியதும், கட்டுநூலைக் கத்தி முனையால் ஒவ்வொரு முடிச்சாக அறுத்தார். 1யூ, 1வி, 1டபிள்யூ லீடு ஒயர்கள் உள்ளே போய்ச் சேரும் இடத்தில் ஒவ்வொரு ஸ்லீவுக்குள்ளும் இரண்டு காயில் நுனிகள் லீடோடு முறுக்கி ஈயம் வைக்கப்பட்டிருந்தன. அந்த முறுக்கைப் பிரிக்க முயலாமல், அதற்கு முன்பாகவே கம்பியை வெட்டினார். பழைய எனாமல் கம்பியை முறுக்கு விலக்கினால் எனாமல் உரிந்து அடுத்த சுற்றில் பட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆறு நுனிகளிலும் எனாமலைச் சுரண்டி, புது லீடுகளை முறுக்கி ஈயம் வைத்து, கண்ணாடி நூல் ஸ்லீவை இரண்டு அடுக்காக ஏற்றி, தலைப்பை மறுபடி கட்டினார். வார்னிஷ் ஊற்றி, ஸ்டேட்டருக்குள் 200 வாட் பல்பைத் தொங்கவிட்டு ஓர் இரவு காயவைத்த பிறகு மெக்கர் பார்த்தபோது 100 மெகா ஓம்முக்கு மேல் இருந்தது.

இணைப்பதற்கு முன் எந்த இரு கடைசிகள் எந்த நடுப்புள்ளிக்கு உரியவை என்று ஓம் மீட்டரால் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு நடுப்புள்ளியிலிருந்தும் இரண்டு கடைசிகளுக்கு 3.6 ஓம் காட்ட வேண்டும், மற்ற நான்குக்கும் எதுவும் காட்டக் கூடாது. 2யூ-வின் இரு கடைசிகளையும் 2வி-யோடும், 2வி-யின் கடைசிகளை 2டபிள்யூ-வோடும், 2டபிள்யூ-வின் கடைசிகளை 2யூ-வோடும் சேர்த்தால் இணை டெல்டா முடிந்தது. ஒன்பது முனைகள் மூன்றாகிவிடுகின்றன. பழைய டெர்மினல் பலகையில் இதற்கு இடமில்லாததால் பேக்லைட் தகட்டில் புதிதாக ஒன்று செய்து, பெட்டியின் மூடிக்குள் இணைப்புப் படத்தை ஒட்டி வைத்தேன். இந்த மோட்டாரை யாராவது பின்னாளில் 415 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும் என்பதால், பழைய தகட்டின் மேல் 230 வோல்ட் என்று பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஸ்டார்ட் செய்வது. மும்முனை மோட்டார் ஒருமுனையில் தானாகச் சுழலத் தொடங்காது. இரு வேக மோட்டார் என்பதால், குறைந்த வேகத் தொடர் இணைப்பில் கெபாசிட்டரால் கிளப்பி, பிறகு இணை டெல்டாவுக்கு மாற்றலாம் என்ற யோசனை எழுவது இயல்பு. தொடர் இணைப்பில் தொடக்க மின்னோட்டம் பத்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும் என்பதால் அது காகிதத்தில் அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்பது முனைகளையும் ஓட்டத்தில் மாற்ற ஒரு கூட்டம் கன்டாக்டர்கள் (காந்தக் காயிலால் இயங்கும் ஸ்விட்சுகள்) வேண்டும். அவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டால் நேரடி ஷார்ட். அந்த வழியை நான் தொடவில்லை. நேரடியாக இணை டெல்டாவில் கெபாசிட்டரால் கிளப்பினால், நின்ற நிலையில் 60 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கடைசித் தெருவின் நீண்ட கம்பியில் அது பக்கத்து வீட்டு டி.வி.யையும் அணைத்துவிடும்.

எனவே அரைக் குதிரைத்திறன் வெட் கிரைண்டர் மோட்டார் ஒன்றைத் துணையாக வைத்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதைவிட எளிதாகக் கிடைக்கும் மோட்டார் வேறு எதுவும் இல்லை. 1440 சுற்று, ஒருமுனை. ஒரே அளவுள்ள இரண்டு புல்லிகள், ஒரு வி-பெல்ட். கிரைண்டர் மோட்டாரைக் கீல் வைத்த பலகையில் பொருத்தி, மிதிகட்டையை அழுத்தினால் பெல்ட் இறுகவும், காலை எடுத்தால் தளரவும் செய்தேன். பெல்ட் முதலில் நழுவி, பிறகு பிடித்து, சில நொடிகளில் பெரிய மோட்டார் முழு வேகத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அப்போது பச்சைப் பொத்தானை அழுத்தினால் விளக்குகள் இலேசாக ஒருமுறை மங்குவதோடு சரி. இதில் இன்னொரு பலனும் உண்டு. மூன்றாம் முனையின் வரிசை, கன்வெர்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. கையால் தவறான பக்கம் சுழற்றிவிட்டால் அது அந்தப் பக்கமே ஓடும். லேத்தும் தலைகீழாகச் சுழலும். என் லேத்தின் சக் மரை போட்டுத் திருகப்பட்டது. தலைகீழாகக் கிளம்பினால் கழன்று விழக்கூடும். துணை மோட்டார் எப்போதும் ஒரே பக்கம் சுழற்றுவதால் அந்தக் கவலை நீங்கியது.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு கன்டாக்டர்கள். முதலாவது கன்வெர்ட்டர் மோட்டாருக்கு. அதன் காயில் அதன் சொந்தத் துணைக் காண்டாக்ட் வழியாகவே பிடித்து நிற்கிறது. மின்சாரம் போனால் விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. நம் ஊரில் இது கட்டாயம் வேண்டும். நின்றுபோன மோட்டாருக்கு மின்சாரம் திரும்பி வந்தால், அது சுழலாமல் உறுமிக்கொண்டே காயிலைக் கருக்கும். இரண்டாவது கன்டாக்டர் வெளியே போகும் மும்முனைப் பிளக்குக்கு. அதன் 230 வோல்ட் காயிலை லைனுக்கும் உருவாகும் மூன்றாம் முனைக்கும் இடையே இணைத்தேன். கன்வெர்ட்டர் நின்றிருக்கும்போது அந்த இடத்தில் 115 வோல்ட்தான் இருக்கும் என்பதால் கன்டாக்டர் பிடிக்கவே பிடிக்காது. சுழன்று மூன்றாம் முனை எழுந்த பிறகே இயந்திரங்களுக்கு வழி திறக்கும். ஆர்னோவில் மூன்றாம் முனையின் வோல்டேஜைப் பார்த்துத் தொடக்கச் சுற்றை விலக்கும் ரிலே ஒன்று உண்டு என்று சித்தப்பா சொன்னதிலிருந்து பிறந்த ஏற்பாடு இது.

இணை டெல்டாவில் முதல் ஓட்டத்தின் அளவுகள்: லைன் 234 வோல்ட், மூன்றாம் முனையிலிருந்து லைனுக்கு 218, நியூட்ரலுக்கு 214. கன்வெர்ட்டர் மட்டும் 9.4 ஆம்பியர் எடுத்தது. லேத் கிளம்பும்போது மூன்றாம் முனை ஒரு கணம் 196-க்கு இறங்கி, உடனே மீண்டது. முன்பு தள்ளாடிய அதே ஒரு மில்லிமீட்டர் வெட்டில் இப்போது 207-இல் நின்றது, ஸ்பிண்டிலின் சுதியும் மாறவில்லை.

ஆனால் 234-க்கும் 207-க்கும் உள்ள இடைவெளி லேத் மோட்டாருக்கு நல்லதல்ல. முனைகளுக்கிடையே வோல்டேஜ் ஒரு சதவீதம் வேறுபட்டால் மின்னோட்டம் ஆறு முதல் பத்து சதவீதம் வரை வேறுபடும், மோட்டார் சூடாகும். இதைச் சரிசெய்யத்தான் கெபாசிட்டர்கள். மோட்டார் ஓட்டத்துக்கான 440 வோல்ட் வகையையே வாங்க வேண்டும்; ஸ்டார்ட் கெபாசிட்டர் சில நிமிடங்களில் வெடிக்கும். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட்டில் 0.72 ஆம்பியர் எடுக்கும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பார்த்தேன். லைனுக்கும் மூன்றாம் முனைக்கும் 30, நியூட்ரலுக்கும் மூன்றாம் முனைக்கும் 20 என்று வந்து நின்றது. பளு இல்லாத நிலையில் அளவுகளைச் சமமாக்குவதில் பொருளில்லை. லேத் வழக்கமான வெட்டில் ஓடும்போது சமமாக இருக்கும்படி வைத்தேன். இப்போது வெட்டின்போது மூன்று அளவுகளும் 231, 228, 224. லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மேலும் 40 மைக்ரோஃபாரட் வைத்ததும் கன்வெர்ட்டர் சும்மா ஓடும்போது எடுக்கும் மின்னோட்டம் 9.4-லிருந்து 3.2 ஆம்பியராக இறங்கியது. வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டுமே கணக்கிடுவதால் இதனால் பில் குறையாது. ஆனால் வயரும் எம்.சி.பி.யும் குளிர்ச்சியாக இருக்கின்றன. பில்லில் ஏறுவது, மோட்டார் சும்மா சுழல்வதற்கான இழப்புதான். எங்கள் மீட்டரின் சிறு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணியபோது நிமிடத்துக்கு 17 சிமிட்டல் வந்தது. அதாவது 320 வாட், மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட்.

கெபாசிட்டர்களின் பலன் லேத்தில் கண்ணுக்கே தெரிந்தது. அவை இல்லாதபோது அலுமினிய வட்டில் ஒன்றின் முகத்தைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், மையத்திலிருந்து விரியும் மெல்லிய அலைக்கோடுகள் தெரிந்தன. சமன் இல்லாத மோட்டார் நொடிக்கு 100 முறை துடிப்பதன் சுவடு அது. கெபாசிட்டர்களை மாட்டி அதே டூலில், அதே ஃபீடில் எடுத்த வெட்டில் அந்தக் கோடுகள் மறைந்துவிட்டன. கன்வெர்ட்டர் மோட்டாரிலும் அதே 100 ஹெர்ட்ஸ் உறுமல் உண்டு. தரையில் போல்ட் அடிக்காமல் தடித்த ரப்பர் பட்டைகள் மேல் வைத்ததில் அது பக்கத்து அறையில் கேட்காத அளவுக்குக் குறைந்தது.

இதே வேலையில் இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. வெளிவரும் மூன்று முனைகளில் ஒன்று வீட்டு நியூட்ரலே என்பதால், அதை நியூட்ரல் என்று அலட்சியமாக விடாமல் மின்னோட்டம் ஓடும் முனையாகவே நடத்த வேண்டும், எம்.சி.பி. இருமுனை வகையாக இருக்க வேண்டும், நான் 20 ஆம்பியர் சி வகை வைத்தேன். நியூட்ரலை எந்த இயந்திரத்தின் உடம்போடும் சேர்க்கக் கூடாது. எர்த்துக்குத் தனிக் கம்பி. கெபாசிட்டர்கள் மாட்டிய மோட்டார், மெயினை அணைத்த பிறகும் சுழன்று நிற்கும்வரை தானே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டிருக்கும் என்பதால், ரோட்டார் முழுவதும் நிற்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே மின்னை வடிக்கும் ரெசிஸ்டர் ஒன்றும் வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை இயந்திரங்களின் ஸ்டார்ட்டர்களில் டெல்டா மின்னோட்டத்துக்கு மாற்றியமைக்க வேண்டும். என் லேத்தில் 2.6 ஆம்பியராக இருந்ததை 4.5-க்கு உயர்த்தினேன்.

இரு வேக மோட்டார் எல்லாமே இப்படிப் பயன்படாது. நான்குக்கு ஆறு, நான்குக்குப் பதினாறு என்று வேகம் மாறும் பல மோட்டார்களில் இரண்டு தனித்தனி வைண்டிங்குகள் ஒரே பள்ளங்களில் அடுக்கப்பட்டிருக்கும்; பழைய லிஃப்ட் மோட்டார்கள் பல இந்த வகை. ஓம் மீட்டரில் ஆறு முனைகளும் ஒன்றோடொன்று இணையாமல், மூன்று மூன்றாகப் பிரிந்து நின்றால் அது இதுவே. அதில் அதிக வேக வைண்டிங்கின் ஸ்டார் புள்ளியை மட்டும் பிரித்து டெல்டாவாக்கலாம். ஆனால் பள்ளத்தில் பாதி இடத்தைச் சும்மா கிடக்கும் வைண்டிங் பிடித்திருப்பதால், அதே உடம்பளவுள்ள ஒற்றை வேக மோட்டாரைவிடத் திறன் குறைவாகவே இருக்கும். சும்மா கிடக்கும் அந்த வைண்டிங் டெல்டாவில் மூடியிருந்தால், அதில் சுற்றோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறவும் வாய்ப்புண்டு; அப்படிப்பட்டதில் ஒரு மூலையையாவது திறந்துவைத்து, திறந்த முனைகளைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூட வேண்டும், ஏனெனில் அவற்றிலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும்.